பட்டியலில் ஐந்தாவது பதவி

துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரச நிறுவனத்தில் நான் சிரேஷ்ட மனிதவள ஆலோசகராக இருக்கிறேன். யாரை எங்கே இடமாற்றலாம், யாருக்கு எந்த விடுமுறை பொருந்தும், எந்தப் பதவி தேவை, எது தேவையில்லை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. முடிவில் கையெழுத்து வைப்பவர் வேறொருவர். அதை நான் பல வருடங்களாக ஒரு பாதுகாப்பாகவே நினைத்திருந்தேன்.

எங்கள் தொலைபேசி இயக்குநர் கிண்ணியாவைச் சேர்ந்த பெண். பதினேழு வருடச் சேவை. காலை பஸ்ஸில் பாலம் கடந்து, எங்கள் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். மூன்று மொழியும் சரளம். இறங்குதுறையில் வேலை செய்பவர்களின் மனைவிமார் அழைத்தால், அந்த ஆள் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை என் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். கூட்டத்தில் இருந்த என்னை வெளியே கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னபோது, ஓட்டோவையும் கேற்றுக்கு வரவழைத்திருந்தார்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. என் மேசையில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஒருநாள் மதியம் அவரும் வந்தார்.

"மிஸ், குவைத்துக்குப் போகப் பாக்கிறன். ஒரு வீட்டில பிள்ளைகளைப் பாக்கிற வேலை."

"இந்த வேலையை விட்டுட்டு வீட்டு வேலைக்கா?"

"மூத்தவளுக்கு வீடு கட்டி முடிக்கோணும். சுவர் பாதியில நிக்குது. இஞ்ச இருந்தா அது அப்பிடியேதான் நிக்கும்." பிறகு கேட்டார். "திரும்பி வந்தா என்ட வேலை இருக்குமா மிஸ்?"

"ஓம். அதுக்குத்தானே லீவு தாறது. பயப்பிடாமப் போயிட்டு வாங்க."

'சேவைத் தேவைக்கு உட்பட்டு' என்ற சொற்கள் அந்தச் சுற்றறிக்கையில் இருந்தன. திரும்பி வரும்போது வேலை இல்லாமலும் போகலாம் என்பதுதான் அதன் பொருள். நான் அவற்றை வாசித்திருந்தேன். அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. பயந்த ஒருவரிடம் அதைச் சொல்லி என்ன செய்ய என்று நினைத்தேன்.

அவர் போய் ஒரு வருடத்தில் தலைமை அலுவலகம் ஆளணி மீளாய்வு கேட்டது. இல்லாதொழிக்கக்கூடிய பதவிகள் ஐந்தை நான் குறித்துக் கொடுக்க வேண்டும். நான்கு இலகுவாகக் கிடைத்தன. ஆட்கள் ஓய்வுபெற்றுப் போய் வெறுமையாகக் கிடந்த பதவிகள். ஐந்தாவதற்கு உயிருள்ள ஒரு ஆள் தேவைப்பட்டார்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. களஞ்சியக் காப்பாளர் என் அறைக்கு வந்தார். அவருடைய மகளுக்கு நடக்க ஏலாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. காற்றில் அடித்துக்கொண்டிருந்த என் ஜன்னல் கதவைக் கொளுவிவிட்டு, "வேற ஏதும் செய்யக் கிடக்கா மிஸ்?" என்று கேட்டுப் போனார். அடுத்த நாள் பதிவறையில் வேலை செய்யும் இளம் எழுதுநர் வந்தார். ஆறு மாதக் கர்ப்பம். கதிரையில் இருந்து அழுதார்.

தொலைபேசி இயக்குநர் வரவில்லை. அவரால் வர ஏலாது.

அப்போது எங்கள் அலுவலகத்தில் தானியங்கித் தொலைபேசி பூட்டியிருந்தார்கள். எந்த மொழிக்கு எந்த இலக்கம் என்று ஒரு பதிவுக்குரல் சொல்லும். ஆகவே எழுதுவதற்குக் காரணம் இருந்தது. "தானியங்கி முறை நிறுவப்பட்டுள்ளதால் இப்பதவியின் அவசியம் அற்றுப்போயுள்ளது. பதவி வகிப்பவர் தற்போது நாட்டில் இல்லை." இரண்டாவது வசனம் தேவையே இல்லை. அதையும் எழுதினேன்.

அவருடைய குவைத் தொலைபேசி இலக்கம் ஆவணக் கோவையின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் அழைக்கவில்லை. பதவி நீக்கப்பட்டதாகக் கிண்ணியா முகவரிக்குப் பதிவுத்தபாலில் சிங்களத்தில் ஒரு கடிதம் போனது. விதிப்படி சேர வேண்டிய கொடுப்பனவுகள் சேரும் என்றும் அதில் இருந்தது. தபால் கிடைத்ததற்கான துண்டு திரும்பி வந்ததும், அதைக் கோவையில் குத்தி வைத்தேன்.

விடுமுறை முடிந்து அவர் திரும்பி வந்த காலை, வறண்ட கச்சான் காற்று வீசி முற்றம் முழுவதும் புழுதி. எங்கள் பகுதி ஆட்களுக்கு என்று ஒரு பெட்டி பேரீச்சம்பழமும், நிரப்பிய கடமையேற்புப் படிவமும் கையில் வைத்திருந்தார். என்னிடம் வருமுன்பே தன்னுடைய அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மிஸ், என்ட அறையில போட்டோக்கொப்பி மெஷின் நிக்குது."

"இருங்க."

இருந்தார்.

"உங்களுக்குக் கடிதம் கிடைக்கேல்லையா?"

"என்ன கடிதம்? உம்மா ஏதோ ஒபிஸ் கடுதாசி ஒண்டு அலுமாரியில இருக்கு எண்டா. நான் இன்னும் பாக்கேல்ல."

கோவையைத் திறந்து, சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். யாரோ ஒருவருக்கான செய்தியைத் தொலைபேசியில் கேட்டு எடுப்பதைப் போல, குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"இது ஆர் செய்தது?"

"தலைமை அலுவலகம்."

"நீங்க ஒண்டும் சொல்லேல்லையா மிஸ்?"

அந்த இடத்தில் ஒரு பொய் போதுமாக இருந்தது. வாயில் வரவும் செய்தது. "நான்தான் எழுதிக் குடுத்தனான்" என்றேன்.

அவர் படிவத்தை மடித்தார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.

"நான் இஞ்ச இருந்திருந்தா எழுதியிருப்பீங்களா?"

"இல்லை."

தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

மேன்முறையீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்திட்டார். அது தலைமை அலுவலகத்துக்குப் போய், 'சிரேஷ்ட மனிதவள ஆலோசகரின் அவதானிப்புக்காக' என்ற குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது. நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். என் பரிந்துரை தவறானது, அழைப்பவர்களில் பலர் யாரையும் எட்டாமலே வைத்துவிடுகிறார்கள், இந்தப் பதவியை மீள ஏற்படுத்த வேண்டும் என்று. மூன்று கிழமையில் பதில் வந்தது. ஆலோசகரின் முன்னைய அறிக்கையின்படி பதவிக்கு அவசியமில்லை. புதிய விடயங்கள் எவையும் முன்வைக்கப்படவில்லை. என்னுடைய இரண்டு வசனங்களையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

பணிப்பாளரிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல. எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

"நீங்கள்தானே எழுதித் தந்தது" என்றார். "இப்ப நீங்களே மாத்திச் சொன்னா மற்ற நாலையும் கிளறுவாங்கள். பிறகு களஞ்சியக் காப்பாளர்ட பதவியையும் பாப்பாங்கள். அது உங்களுக்கு விருப்பமா?"

விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முடிவைத் தொலைபேசி இயக்குநருக்கு அழைத்துச் சொன்னேன். "அப்பிடித்தான் வரும் எண்டு தெரியும் மிஸ்" என்றார். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு அவரைக் கேட்டுப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் ஆள் வேண்டுமாம். அவருக்கு நாற்பத்து மூன்று. இரண்டு மாதத்தில் குவைத்தில் அதே வீட்டுக்குத் திரும்பிப் போக ஆயத்தமானார். இந்த முறை எங்களிடம் விடுமுறை எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

போகுமுன் சேவைச் சான்றிதழுக்காக ஒருநாள் வந்தார். நான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். நேர்மை, மும்மொழித் தேர்ச்சி, பொறுப்புணர்வு. நின்றபடியே கடைசி வரை வாசித்தார்.

"பதினாறு வருடம் எண்டு கிடக்கு மிஸ். பதினேழு."

திருத்தி, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தேன். கடித உறையில் போட்டுக்கொண்டு, "வாறன்" என்று சொல்லிப் போனார். எனக்கு எழுந்து வாசல் வரை போகவும் தோன்றவில்லை.

எங்கள் பதிவறை அலுமாரியில் ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு தட்டு, விலகியவர்களுக்கு ஒரு தட்டு, இறந்தவர்களுக்கு ஒரு தட்டு. அன்று பின்னேரம், பிள்ளை பெற்றுத் திரும்பி வந்திருந்த அந்த இளம் எழுதுநர் தொலைபேசி இயக்குநருடைய கோவையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, இதை எந்தத் தட்டில் வைக்க என்று கேட்டார்.

எங்கேயாவது வையுங்கள் என்றேன்.