அமெரிக்காக்காரன் கெடுத்த கதை

அக்காவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டின் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் அவள்தான். லண்டன் நோர்பரியில் ஒரு சலூனுக்கு மேலே இருந்தது எங்கள் வீடு. அம்மா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து வந்து, கால்களைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு சோபாவில் அமர்வார். அக்கா மடிக்கணினியைத் திறந்து ஒரு ஜப்பானிய அனிமே தொடரைப் போடுவாள். திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடும். அம்மாவுக்கு ஆங்கிலம் காதால் கேட்டால் விளங்கும், ஓடுகிற எழுத்தைக் கண்ணால் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே அக்கா அதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லுவாள்.

வானத்தில் ஓடும் ஒரு டிராம் வண்டியும், அதை ஓட்டும் பதினாறு வயதுப் பெண்ணும்தான் கதை. யுத்தத்தில் தன் தம்பியைக் கொன்றவர்களைத் தேடி அவள் ஊர் ஊராகப் போகிறாள். துணைக்கு ஒரு கிழட்டுக் காகம். இரண்டாவது பகுதியிலேயே ஒரு சிப்பாய் வந்து, தம்பி இறந்துவிட்டான் என்று சொல்லி அவனுடைய தொப்பியைக் கொடுப்பான். அந்த இடத்தில் அக்கா சற்றுத் தடுமாறினாள். பிறகு, “தம்பி வடக்குப் பக்கமாப் போயிட்டானாம். தேடிப் பாக்கச் சொல்லித் தொப்பியைக் குடுக்கிறான்” என்றாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிழை பிடிப்பதில் அந்த வயதிலேயே நான் கெட்டிக்காரி. கணக்கு ரீச்சரின் எழுத்துப் பிழையை வகுப்பில் எழுந்து நின்று சொன்னவள் நான். துள்ளி எழுந்து வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் வாய் தானாக மூடிக்கொண்டது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தம்பி பழைய நினைவுகளில் அடிக்கடி வருவான். அந்தக் காட்சிகள் மட்டும் மஞ்சள் பூசினாற்போல இருக்கும்.

“ஏன் பிள்ளை, உந்த இடம் மட்டும் மஞ்சளாக் கிடக்கு?” என்று அம்மா கேட்டார்.

“அவன் நிக்கிற ஊரிலை வெயில் கூட, அம்மா.”

இன்னும் பல பகுதிகள் போனபிறகு அடுத்த சந்தேகம் வந்தது. “உந்தப் பொடியன் வளரக் காணேல்லையே?”

“கார்ட்டூனிலை ஒருத்தரும் வளரமாட்டினம்.”

டிராம்காரி கல்லறையின் முன் முழங்காலில் நின்று அழுதால், அது ஜப்பான்காரர் மாதாவைக் கும்பிடுகிற கெபி, அவள் நேர்த்தி வைக்கிறாள் என்பாள் அக்கா. அம்மா எல்லாவற்றையும் நம்பினார். காலையில் சப்பாத்துப் போடும்போதே, “இண்டைக்காவது பொடியனைக் காணுவாளோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஏ லெவல் படிக்கிற பெண்ணுக்கு ‘இறந்தான்’ என்பதற்கு ஆங்கிலம் தெரியவில்லையே என்று நான் அக்காவுக்காக வெட்கப்பட்டேன்.

அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தார். ஊரில் நடந்த சண்டையின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக நடந்து போனவர். அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் லண்டனில் பிறந்தவள். மாமா என்றால் எனக்கு, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஒரு மெல்லிய மனிதரின் புகைப்படம், அவ்வளவுதான்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். எங்கள் கோயிலில் நவம்பர் மாதம் மரித்தவர்களுக்கானது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மரித்தோரின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். பூசையில் ஃபாதர் அவற்றை வாசித்து மன்றாடுவார். மாமாவின் பெயரையும் எழுதுவோமா என்று அப்பா வருடாவருடம் கேட்பார். அம்மா வேண்டாம் என்பார். அந்த வருடம் அப்பா, “ஆறு வருஷமாகுது. ஒரு பூசையிலையாவது அவனை நினைப்பமே” என்றார். அம்மா முதல் தடவையாக மறுக்கவில்லை.

“பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்.”

அப்பா தன் தாய் தகப்பனின் பெயர்களையும் அம்மாவின் தாய் தகப்பனின் பெயர்களையும் எழுதி, கீழே ஒரு வரி இடம்விட்டு, உறையை ஒட்டாமல் பிரிட்ஜின் மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காக்காரர் அதே கதையை உயிருள்ள நடிகர்களை வைத்துப் படமாக எடுத்து வெளியிட்டார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் விளம்பரத்தைக் கண்ட அம்மா, “எங்கட டிராம்காரி!” என்று தெருவில் கத்தினார். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

“அது சரியில்லையாம் அம்மா. எல்லாரும் திட்டுகினம்.”

“திட்டட்டும். இங்கிலீசுப் படம்தானே, எனக்கே விளங்கும். உனக்கும் ஒருநாள் வாய்க்கு ஓய்வு வேணும்” என்றார் அம்மா.

சனிக்கிழமை அக்காவுக்குக் கடையில் வேலை. அம்மாவும் நானும் இரண்டு பஸ் மாறி விம்பிள்டனுக்குப் போனோம். புறப்படுமுன் அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்து, அம்மா எதைக் கேட்டாலும் விளங்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆனால் என் கவலை வேறு. அமெரிக்காக்காரர் எதையெதை மாற்றியிருக்கிறார்கள் என்று அறியும் ஆவல் எனக்குத் தாங்க முடியவில்லை. அதற்கென்றே ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். அம்மா தன் கைப்பையில் பொரித்த கடலை கொண்டுவந்திருந்தார்.

விளக்கு அணைந்த பத்து நிமிடத்தில் என் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. டிராம்காரிக்குப் பொன்னிறத் தலைமயிர். டிராமில் பீரங்கி. காகத்தைக் காணவில்லை, அதற்குப் பதில் பகிடி விடுகிற ஒரு நாய். எனக்குக் கோபத்தில் மூக்கு வியர்த்தது. அப்போதுதான் தம்பி செத்தான். ஜப்பான்காரர் ஒரு தொப்பியோடு முடித்த சாவை இவர்கள் ஐந்து நிமிடத்துக்கு இழுத்தார்கள். வயலின் அழ, அக்காக்காரி அவனை மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள்.

“செத்துப்போனானோ?” என்று அம்மா வாய்விட்டுக் கேட்டார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் “உஷ்” என்றேன். அம்மா கடலைக் காகிதச் சரையைக் கையில் வைத்தபடி படம் முடியும்வரை அசையாமல் இருந்தார். நான்தான் அதை எட்டி எட்டி எடுத்துத் தின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன்சீட் கிடைத்தது. நான் பிழைகளை எண்ணினேன், பத்தொன்பது. அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிள்ளை, நீ அந்த எழுத்தெல்லாம் வாசிக்கிறனிதானே. உண்மைக் கதையிலை அந்தப் பொடியன் சாகேல்லைத்தானே?”

விளங்கவில்லை என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் விளங்காத பிள்ளை என்று பெயரெடுக்க எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால், இந்தப் பாழாய்ப்போன படம் ஒரு விஷயத்திலாவது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். காகத்தை நீக்கியவர்களுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

“இல்லை அம்மா. உவங்கள்தான் மாத்திப்போட்டாங்கள்” என்றேன்.

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம். அவன் இன்னும் உயிரோடைதான் இருக்கிறான்.”

அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு, “எனக்குத் தெரியும். அமெரிக்காக்காரனுக்கு எங்கட கதை என்ன தெரியும்!” என்றார். ஒரு ஜப்பானியக் கதை எங்கட கதை ஆனது எப்படி என்று நான் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து இருபதாவது பிழையை எழுதினேன்: ‘தம்பியைக் கொன்றுவிட்டார்கள்.’ எழுதியபிறகு அது பிழை என்பதே உண்மைபோலவும் இருந்தது.

வீட்டில் அம்மா படத்தைக் கிழிகிழியென்று கிழித்தார். பொடியனை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள், அப்படியில்லை என்று சின்னவளே சொல்கிறாள் என்று என்னைச் சாட்சிக்கும் இழுத்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் பங்கு முட்டைப் பொரியலை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். தன் மொழிபெயர்ப்புப் பிழையை நான் மறைத்ததற்கான கூலி அது என்று நினைத்து, முழுவதையும் சாப்பிட்டேன்.

அப்பா பிரிட்ஜின் மேலிருந்த உறையை எடுத்தார். “என்ன முடிவு?”

“அவன்ரை பேர் வேண்டாம்” என்றார் அம்மா.

“ஏன்? யோசிக்கிறன் எண்டுதானே சொன்னனீர்?”

“யோசிச்சிட்டன்.”

அப்பா உறைக்குள்ளிருந்த தாளை எடுத்து விரித்தார். விட்டிருந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்து, மடித்து உள்ளே போட்டு, உறையை ஒட்டினார்.

நவம்பர் முதல் ஞாயிறு ஃபாதர் பெயர்களை வாசித்தார். நீளமான தமிழ்ப் பெயர்கள் அவருடைய வாயில் படாதபாடு பட்டன. எங்கள் நான்கு பெயர்களும் வந்து போயின. அடுத்த குடும்பத்தின் பெயர்கள் தொடங்கும்வரை அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலித்ததால் நான் இழுத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் சனம் மரித்தவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்தப் பீடத்தின் வலப்பக்கம் போனது. அப்பாவும் அக்காவும் அங்கே போனார்கள். அம்மா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு இடப்பக்கம் அந்தோனியார் சுரூபத்துக்கு வந்தார். துலைந்த பொருளைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீச்சல் உடுப்பைத் துலைத்தபோது நானே அவரிடம் போயிருக்கிறேன். அம்மா திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்குப் பதறிவிட்டது. எதைத் துலைத்துவிட்டு இப்படி அழுகிறார் என்று அவருடைய கைப்பையை இழுத்துக் கிண்டிப் பார்த்தேன். வீட்டுத் திறப்புக் கோர்வை, பஸ் கார்ட், போன், வேலைத்தலத்து அட்டை, ஒன்றும் குறையவில்லை.

“எல்லாம் இருக்கு அம்மா, ஒண்டும் துலையேல்லை” என்று அவருடைய காதுக்குள் சொன்னேன். அம்மா கண்ணைத் திறக்காமல் ஓம் என்று தலையாட்டினார்.