பக்கத்து வீட்டு இளஞ்சேவல்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய கெல்லிவில்லில், எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தபோது, "சைனீஸ் ஆக்கள் போலக் கிடக்கு" என்றார் என் கணவர். "இல்லை, நேப்பாளமா இருக்கும்" என்றேன் நான். இரண்டும் பிழை. மணிப்பூர், மெய்தி இனம் என்று அந்தப் பெடியனே வேலிக்கு மேலால் சொன்னான். "இந்தியாவிலேயே எங்களை எந்த நாடு என்றுதான் கேட்பார்கள், அன்ரி." நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

அவன் ஐடி வேலை, மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்குத்தான் மெய்திகளின் இடம் என்றும், மலைகளில் வேறு இனங்கள் இருப்பதாகவும் சொன்னான். அவர்களுக்கென்று தனி எழுத்து உண்டு. கிருஷ்ணனைக் கும்பிடுவார்கள். அதோடு வீட்டின் தென்மேற்கு மூலையில் பழைய தெய்வம் ஒன்றும் இருக்கும். இந்த வீட்டில் அந்த மூலை கராஜுக்குள் விழுந்ததால், காருக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே விளக்கேற்றினார்கள்.

அவனுடைய தகப்பன் ஊரில் சண்டைச் சேவல் வளர்ப்பவர். இங்கே சேவற்சண்டை குற்றம். அவனுக்கும் அதில் விருப்பமில்லை. அந்தச் சிவப்பு நிறமும் நிமிர்ந்த நடையும் கண்ணில் பட்டால் போதும் என்று அந்த இனக் குஞ்சுகள் நாலைந்து வாங்கி வந்தான். ஒன்று சேவல். விற்றவருக்கு அதன் வயது சரியாகத் தெரியவில்லை. கூவத் தொடங்கினால் சத்தம் என்று அயலவர்கள் முறையிடுவார்கள், வீட்டில் வைத்திருக்க முடியாது என்பதால், வயதை அறிவது அவனுக்கு அவசியமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் நான் அதைப் பிடித்துக்கொள்வேன். அவன் சிறகை விரித்து, குஞ்சுப் பருவத்து இறகு எத்தனை உதிர்ந்து புதிது வந்திருக்கிறது என்று பார்ப்பான். நெஞ்செலும்பின் நுனியை விரலால் அழுத்துவான். இளசு என்றால் அது வளையும். கடைசியாகக் காலைத் தடவுவான். முள் முளைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு புடைப்பு மட்டும். எல்லாவற்றையும் தகப்பன் போனில் பார்த்து, "இன்னும் ஒரு மாதம் கூவாது" என்பார்.

பிறகு அவர்கள் ஊரில் மெய்திகளுக்கும் ஒரு மலை இனத்தவருக்கும் இடையே கலவரம் வந்தது. பள்ளத்தாக்கிலும் மலையிலும் வீடுகள் எரிந்தன. இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். மலையடிவாரத்தில் இருந்த அவர்களுடைய வீடும் போய்விட்டது. தகப்பன் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருக்கிறார் என்ற செய்தி மட்டும் யாரோ ஒரு உறவினர் மூலம் வந்தது. அவன் வேலைக்குப் போனான், வந்தான், போனைப் பார்த்தான். நான் சோறும் கறியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? யாழ்ப்பாணத்தில் போன் இல்லாமல் போன நாட்கள் எனக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் சேவல் கூவியது. பின்வீட்டார் கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டார்கள். ரிச்மண்டுக்கு அப்பால் பண்ணை வைத்திருந்த ஒரு கிழவரிடம் அதைக் கொண்டுபோய் விட்டான்.

இன்டர்நெட் திரும்பி வந்ததும் தகப்பன் முகம் திரையில் தெரிந்தது. நன்றாக மெலிந்திருந்தார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சேவலைக் காட்டு என்றாராம். பண்ணையில் விட்டதைச் சொல்லாமல், நாளைக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனான்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "நரி கொண்டுபோய்விட்டது. போன கிழமை." அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அங்கே அதே நிறத்தில் வேறொரு சேவல் நின்றது. கிழவரிடம் அதைப் பிடித்துத் தரச் சொல்லி, வாங்கி என் கையில் கொடுத்தான். போனைத் திருப்பினான். தகப்பன் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். இவன் முகம் விழுந்துவிட்டது.

"முள்ளைப் பார்த்துவிட்டார், அன்ரி. இதற்கு மூன்று வயது இருக்கும், உன்னுடையது எங்கே என்கிறார்."

உண்மையைச் சொன்னான். தகப்பன் கோபிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினார். சொன்னதையே மறுபடி மறுபடி சொல்வது போலிருந்தது. மொழி புரியாமல் நான் அந்தக் கனமான சேவலை அணைத்தபடி நின்றேன். தொடர்பு அறுந்தது.

காரில் ஏறிய பிறகுதான் சொன்னான். "வீட்டை விட்டு ஓடிய அன்று தன் சேவல்களின் கூட்டைத் திறந்துவிட்டாரா இல்லையா என்று அவருக்கு ஞாபகமில்லையாம். கூட்டுக் கதவு வரை போனது ஞாபகமிருக்கிறதாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. முகாமில் எல்லாரிடமும் கேட்கிறாராம்."

சிக்னலில் கார் நின்றது.

"திறந்திருப்பார், இல்லையா அன்ரி?"

"ஓம், திறந்திருப்பார்" என்றேன். தமிழில் சொன்னது அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

தகப்பன் இன்னும் முகாமில்தான் இருக்கிறார். இங்கே கூட்டிவர விசாவுக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டை ஒருமுறை போய்ப் பார்க்காமல் வர மாட்டேன் என்கிறார் அவர்.