அலோசியஸ் சொன்ன ஜப்பான்

மெல்பேர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் யாராவது ஜப்பானுக்கு டிக்கெற் போட்டால், அடுத்த வேலை அலோசியஸ் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். மன்னாரில் பிறந்து, இங்கே ஒரு களஞ்சியத்தில் சுமை தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டுகிற மனிதர். கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் முன்பெல்லாம் கதிரை அடுக்கத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். மனைவி மாக்கிறேட்டோடு வழிகாட்டி யாரும் இல்லாமல் ஜப்பானைச் சுற்றி வந்த பிறகுதான் அந்தக் கதிரையில் உட்காரவும் சொன்னார்கள். அந்த மரியாதை அவருக்குத் தேனாக இனித்தது.

சொன்னவற்றில் பிழையும் இல்லை. “ரெயினுக்குள்ள போனில கதைக்கப்படாது. சோத்துக்குள்ள சாப்பிடுற குச்சியைக் குத்தி நிமித்தி வைக்கப்படாது, அது செத்தவைக்குப் படைக்கிற முறை. சாப்பாட்டுக் கடையில ரிப்ஸ் காசு குடுக்காதேங்கோ. றோட்டில குப்பை வாளி தேடாதேங்கோ, பையில போட்டுக்கொண்டு திரியுங்கோ. எதைக் குடுத்தாலும் ரெண்டு கையால குடுங்கோ.” எல்லாம் கண்ணால் கண்டவை. ஆனால் ஒரு குறை. தெரியாது என்கிற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

தருமராசாவும் நேசமலரும் அவரிடம் வந்தது போன வருடம். படகில் அகதியாக வந்தவர்கள். பல காலம் தற்காலிக விசாவில், வெளியே போனால் திரும்பி வர முடியாமல் இருந்தவர்கள். இப்போதுதான் நிரந்தர விசா கையில். ஊருக்குப் போக இன்னமும் பயம்.

“எங்கயாவது போட்டு வரவேணும் அண்ணை,” என்றார் நேசமலர். “எல்லாரையும் போல வாசலால போய் வாசலால வரவேணும்.”

மலைப்பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்துகிற சிறிய விடுதியில் அறை எடுத்திருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே குளியல் தொட்டி. எப்படிக் குளிப்பது என்று நேசமலர் கேட்டார். அலோசியஸ் தங்கியதெல்லாம் அறைக்குள்ளேயே குளியலறை உள்ள ஹோட்டல்கள். ஆனாலும் கண் இமைக்காமல் சொன்னார்.

“இதென்ன கேள்வி? சுத்தத்துக்குப் பேர்போன சனம். குளிச்சு முடியத் தொட்டித் தண்ணி முழுக்க வெளியால போகத் திறந்துவிட்டிட்டு, தொட்டியை வடிவா உரஞ்சிக் கழுவிப்போட்டு வாங்கோ. நாங்கள் குளிச்ச தண்ணியை மற்றவைக்கு விட்டிட்டு வாறதே?”

மாக்கிறேட் திரும்பிப் பார்த்தார். அலோசியஸ் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

போய் வந்தவர்கள் அழகாகச் சுற்றிய இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். அலோசியஸ் ஒவ்வொன்றாக விசாரித்தார். தருமராசா எல்லாவற்றுக்கும் “ஓம் அண்ணை, நல்லம்” என்றார். தண்ணீர் குடிக்க எழுந்த அலோசியஸ் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே நேசமலர் மாக்கிறேட்டிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வெளியில சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் தொட்டிக்குள்ள இறங்கிறதாம் அக்கா. அந்தத் தண்ணி எல்லாருக்கும் பொது. பின்னேரம் முழுக்கச் சூடாக்கி வைச்சிருக்கினம். நாங்கள் முதல் ஆளாப் போய் அவ்வளவத்தையும் திறந்துவிட்டிட்டம். மற்றவை துவாயோட நிண்டவை. விடுதிக்கார வயசான அம்மா முழங்காலில நிண்டு எங்களிட்ட மன்னிப்புக் கேட்டா, தண்ணி ஊத்தையா இருந்ததோ எண்டு. இவர் விடியச் சாப்பிடாமலே வெளிக்கிட்டிட்டார். அண்ணையிட்டச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், கவலைப்படுவார்.”

அலோசியஸ் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் காத்திருந்து போன முதல் பயணம். அதில் தருமராசாவைத் தலைகுனிய வைத்தது தன் வாய். மேசையில் இருந்த இனிப்புப் பெட்டியை மூடி வைத்தார்.

அவர்கள் போன பிறகு மாக்கிறேட் ஒன்றுதான் சொன்னார். “தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் அவருடைய பேச்சு. பள்ளி விடுமுறைக்கு ஜப்பான் போகிற குடும்பங்களுக்காக, மண்டபக் கூட்டங்களை நடத்துகிற ஸ்ரான்லி ஏற்பாடு செய்தது. பேச முடியாது, தொண்டை நோ என்று அலோசியஸ் சொல்லிப் பார்த்தார். “மெல்லமாச் சொல்லுங்கோ அண்ணை, மைக் இருக்கு” என்று ஸ்ரான்லி விடவில்லை. போதாக்குறைக்கு, புதிதாகப் போய் வந்தவர்கள் என்று தருமராசாவையும் நேசமலரையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்த்தியிருந்தார்.

ரெயின், குச்சி, குப்பை எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. அப்போது ஸ்ரான்லி கேட்டார். “இந்தப் பொதுக் குளியல் எப்பிடி அண்ணை?”

அலோசியஸ் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். அதற்குள் நேசமலர் எழுந்துவிட்டார்.

“அண்ணை எங்களுக்கு வடிவாச் சொல்லித்தான் விட்டவர். நாங்கள்தான் மறந்துபோய்த் தொட்டித் தண்ணியைத் திறந்துவிட்டிட்டம்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. “என்ன தருமு, ஊரையே காய வைச்சிட்டு வந்தனீரோ?” என்றார் ஸ்ரான்லி. தருமராசாவும் சிரித்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

அலோசியஸ் அதை அப்படியே விட்டிருக்கலாம். தப்பிக்க வழி திறந்துதான் கிடந்தது. விடத்தான் நினைத்தார். ஆனால் அந்தக் குனிந்த தலையை விட்டு அவர் கண் நகரவில்லை.

“அவை மறக்கேல்லை,” என்றார். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. “நான் சொன்னதைத்தான் செய்தவை. அப்பிடியான இடத்தில நான் தங்கினதே இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னனான்.”

அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. சனம் எழுந்து தேநீரும் ரோல்ஸும் வைத்திருந்த மேசைப் பக்கம் போனது. அலோசியஸ், யாரும் சொல்லாமலே, கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.

“அண்ணை.”

நேசமலர் தேநீரோடு நின்றார். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். அலோசியஸும் இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.