மூவாயிரம் மீட்டரும் ஒரு மூடியும்

மதியம் இரண்டு மணிக்கு அல்வாலில் ஆட்டோ ஏறினேன். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு இருநூறு ரூபாய். கடலுக்குப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "கைக்கு மேடம்? ஹுசைன் சாகர் ஹை நா!" ஊரிலேயே ஏரி இருக்கும்போது எதற்காம். நியாயம்தான். ஒன்பது வருடமாகக் கடல் ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆழ்கடலைத் திரையில் எண்களாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வங்காள விரிகுடாவில் எங்கள் மிதவைக் கருவி ஒன்று முங்கி முங்கி எழுந்து, ஆழத்தின் உப்பளவை ஒரு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தது. எண்கள் சந்தேகமாக இருக்கின்றன, தூக்கிப் போடு என்றார்கள் அலுவலகத்தில். முடியாது என்று நின்றேன். அதே இடத்தில் கப்பலிலிருந்து வேறொரு கருவியை இறக்கி ஒத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரே காலை, இரண்டு மணி நேரம்.

விசாகப்பட்டினம் எழுநூறு கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் இரண்டு நாள். முதல் நாள் தின்ற இட்லியையெல்லாம் கடலுக்கே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணி. கீழே மூவாயிரம் மீட்டர் தண்ணீர். கருவியோடு தெர்மோகோல் கப் கட்டி அனுப்புவது கப்பல்காரர்கள் வழக்கம். ஆழத்தின் அழுத்தத்தில் கப் சுருங்கிவிடும். பத்து வயது மகள் மீரா, பூனை வரைந்த கப்பைக் கொடுத்திருந்தாள். அதை வலைப்பையில் போட்டு, ஆசை ஆசையாகக் கட்டினேன். கருவி இறங்கியது.

மேலே இருபத்தொன்பது டிகிரி. நூறு மீட்டருக்குள் சூடு மளமளவென்று குறைந்தது. இருநூறில் வெயில் கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஆயிரத்துக்குக் கீழே முழு இருட்டு. ஆனால் திரையில் உப்புக் கோடு மட்டும் அசையவே இல்லை. குழாயில் காற்றுக்குமிழி, சரியாகிவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆயிரம் மீட்டரிலும் அப்படியே. மேலே இழுக்கச் சொன்னேன்.

கருவியின் கம்பிவடத்தைச் சுற்றும் வின்ச்சை இயக்கும் தூத்துக்குடி அந்தோணி, மேலே வந்த கருவியை எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், மூடியக் கழத்தாமலா இறக்கிட்டிய?"

கப்பைக் கட்டிய நான், உப்பளக்கும் குழாயின் மூடியை மறந்திருந்தேன். ஐயோ, ஒன்பது வருட அனுபவம்! அவமானமாக இருந்தது. நேரே கேப்டனிடம் ஓடினேன்.

"தப்பு என்னோடதுதான் சார். இன்னும் அரை மணி நேரம் குடுங்க. வெறுங்கையோட திரும்ப மாட்டேன்."

சென்னைக்காரர் அவர். கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

கப் ஏற்கெனவே பாதியாகச் சுருங்கியிருந்தது. அவிழ்த்துப் பையில் போட்டேன். மூடியைக் கழற்றிக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை உப்புக் கோடு வளைந்து வளைந்து மூவாயிரம் வரை போனது. எட்டு இருபத்தைந்துக்குக் கருவியின் குப்பிகள் அள்ளிவந்த அடியாழத் தண்ணீரில் விரல் வைத்தேன். அந்த வெயிலிலும் ஃபிரிட்ஜ் தண்ணீர்போல் ஜில்லென்று இருந்தது. மிதவையின் கோடும் கப்பலின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. வாய்விட்டு அழுதேன். அந்தோணி டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அல்வால் வீட்டுக்குத் திரும்பியதும் மீராவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். "நா கப் மத்யலோனே ஒதிலேசாவா?" அவள் கப்பைப் பாதியில் விட்டுவிட்டேனாம். முறைத்தபடி உள்ளே போனாள்.

மறுநாள் என் கைப்பையில் புது கப் ஒன்று இருந்தது. பூனை இல்லை. தெலுங்கு எழுத்தில் ஒரே கேள்வி: "அம்மா, மூடியைக் கழற்றினாயா?"