மம்பாவ் வீட்டுக்கு வந்த பாயிண்டர்

நாய்க்கு மூன்று மாதத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று என் மனைவி சட்டம் போட்டாள்.

"பேரு வெச்சுட்டா அப்புறம் திருப்பிக் குடுக்க மனசு வராதுங்க. மொதல்ல நம்ம வீட்டுக்குச் சரிப்பட்டு வருதான்னு பாப்போம் லா."

சரி என்றேன். அன்றைக்கு அவள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மகன் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டான். மம்பாவில் எங்கள் வரிசை வீட்டில் நானும் அவளும் மட்டும். ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். எனக்கு வீட்டில் ஓர் உயிர் நடமாட வேண்டும் என்றிருந்தது. அதுவும் சாதாரண நாய் போதாது, வேட்டை நாய்தான் வேண்டும் என்று பிடிவாதம். கூட்டாளி ஒருவனிடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தக் கூட்டாளியும் நானும் கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். நான் நீலாய் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அவன் அங்கேயே தங்கி டிராக்டர் ஓட்டுகிறான். காட்டுப்பன்றி வந்து செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி லைசன்ஸ் உள்ள ஒருவரோடு அவனும் வேட்டைக்குப் போவான். மாற்றலாகிப் போன மேனேஜர் ஒருவர் விட்டுச் சென்ற பாயிண்டர் என்ற வேட்டை ஜாதிப் பெட்டை நாய் அவனிடம் இருந்தது. அது போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியவன்தான் இவன். பத்து மாத வயது. வெள்ளை உடம்பில் பழுப்புப் பொட்டுகள், தலை மட்டும் முழுப் பழுப்பு. தூரத்தில் ஒரு மைனா இறங்கினால் போதும், முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பான். அந்த நிற்பில்தான் நான் விழுந்தேன்.

கூட்டாளி லேசில் கொடுத்துவிடவில்லை. பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பதைப் போல விசாரித்தான்.

"பகல்ல வீட்ல ஆளு இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"காலையில யாருடா நடக்க வைப்பா? இது ஓடணும்டா. ஒரு மணி நேரமாச்சும் ஓடணும்."

"நான்தான்."

"மழ பேஞ்சா?"

"கொட இருக்குல்ல."

மூன்றுமே பொய். காலை ஆறு மணிக்கு நான் காரை எடுத்தாக வேண்டும். என் மனைவி பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள். ஆறே முக்காலுக்கு அவளும் கிளம்பிவிடுவாள். மழையில் நடக்கும் ஜாதி நான் இல்லை. ஆனால் பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட எனக்கு இல்லை. எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு நாய் வளர்ப்பது என்றால் சோறு போடுவது, அவ்வளவுதான். எங்கள் லயத்து நாய்கள் விடியற்காலையில் ஆட்களோடு பெரட்டுக்குப் போகும், பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவர்களோடு வேலைக்காட்டுக்குப் போகும், மத்தியானம் திரும்பி வரும். நாயை யாரும் ‘நடக்க வைத்து’ நான் பார்த்ததில்லை. அந்த வேலையை எஸ்டேட்டே பார்த்துக்கொண்டது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கொண்டுவருவதற்கு முன்னால் என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். தனியாக இருக்கிறார், நான்கு பூனைகளோடு. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அந்தப் பக்கம் போகும், பெருநாளுக்கு அவருடைய கேக் இந்தப் பக்கம் வரும். நாய் வரப்போகிறது என்றதும் சுவரைத் தாண்டுமா என்று மட்டும் கேட்டாராம். தாண்டாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அது என்னை நம்பிச் சொன்ன வார்த்தை.

முதல் வாரம் கொண்டாட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கள் தாமான் குடியிருப்புத் திடலுக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற நாட்களில் காலையில் ஒரு தட்டுச் சோறு, சாயங்காலம் ஒரு தட்டுச் சோறு. வேலை முடிந்து வந்து பார்த்தால், வாசலில் போட்ட செருப்பு நார் நாராகக் கிடக்கும். தண்ணீர்க் குழாயைக் கடித்துவைத்திருப்பான். கேட்டிலிருந்து கதவு வரைக்கும் தரை ஓட்டில் அழுக்கு ஒரு கோடாகப் படிந்திருக்கும். ஞாயிறுதோறும் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன், தேய்த்துக்கொண்டே அவனைத் திட்டுவேன். "சோறு போட்டு வளக்குறேன், நன்றி இருக்காடா ஒனக்கு?" அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் டீச்சரின் மஞ்சள் பூனை சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. இவன் காலைத் தூக்கிக்கொண்டு கல்லாக நின்றான். பெருமை தாங்காமல் படம் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வந்தது.

"டேய், அது ஒங்கிட்ட கேக்குதுடா, போவட்டுமான்னு. நீ பதில் சொல்லலன்னா ஒரு நாளைக்கு அதுவே முடிவு பண்ணிரும்."

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் முடிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்து மஞ்சள் பூனை எங்கள் பக்கம் குதித்தது. நான் திரும்புவதற்குள் அவன் பாய்ந்துவிட்டான். நான் போட்ட கத்தலில் அடுத்த தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவன் அதைக் குதறவில்லை. வாயில் கவ்விக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் காலடியில் மெதுவாக வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தான். வேட்டை நாய்க்கு அதுதான் வேலை. முதல் முறையாக எனக்கு ஒரு வேலை செய்து கொடுத்திருக்கிறான். நான் கையை ஓங்கினேன்.

பூனைக்கு உயிர் இருந்தது. காது கிழிந்து, எச்சிலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துண்டை உருவி, அதில் சுற்றி, பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்போதுதான் துண்டைப் பார்த்தேன். காலையில் நாயைக் குளிப்பாட்டித் துவட்டிய துண்டு. இன்னும் காயவில்லை. நாயின் எச்சில், நாயின் ஈரம், எல்லாம் அவருடைய கையில், சட்டையில், தொழுகைக்குப் போகிற உடம்பில். நான் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன்; நாயின் ஈரம் பட்டால் முஸ்லிம்கள் மண் கலந்த தண்ணீரில் ஒரு முறையும், வெறும் தண்ணீரில் ஆறு முறையும் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

"தாப்பா லா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு மலாயில், "மண் இருக்கிறது," என்றார்.

சாயங்காலம் பூனைக்கு மருந்து போட்டுவிட்டு அவரே சுவரருகில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வேறு எதையோ சொன்னார். பகலில் மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அவனைப் பார்ப்பாராம். நாங்கள் கிளம்பியதும் நடக்கத் தொடங்குவானாம். கேட்டிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கேட்டுக்கு. மத்தியான வெயிலில் சற்றுப் படுப்பானாம், மறுபடி எழுந்து நடப்பானாம். எங்கள் கார் வரும் வரைக்கும் அப்படித்தானாம். "குறை சொல்வதாக நினைக்காதே. உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்," என்றார்.

எனக்குத் தெரியாது. நான் திட்டித் திட்டித் தேய்த்த அந்தக் கோடு அவன் நடந்த தடம். அவனைத் தொடக்கூட முடியாத ஒருவர்தான் அவனைப் பார்த்திருக்கிறார். அன்று எனக்கு வந்த வெட்கம் சின்ன வெட்கம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. அவனைக் காரில் ஏற்றினேன். என் மனைவி கேட் வரைக்கும் வந்து, அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெயர் வைக்காவிட்டால் மனசு வலிக்காது என்று சட்டம் போட்டவள் அவள்தான்.

கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பகலில் ஆள் இல்லை, காலையில் நடந்ததில்லை, குடையும் பொய் என்று. எகிறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாயை அவிழ்த்துவிட்டான். இவன் செம்பனை வரிசைக்குள் அம்பாகப் பாய்ந்து, வெட்டி அடுக்கிய மட்டைகளைத் தாண்டித் தாண்டி ஓடினான். அவ்வளவு வேகம் அவனுக்குள் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். என் வாசல் பதினைந்து அடி.

"நீயே வெச்சுக்கோ மச்சான்," என்றேன். "என் வீட்டுக்கு இது சரிப்படாது."

"வீட்ட விடு. நீ சரிப்படுவியான்னு பாக்கணும்," என்றான். "ஒரு மாசம் நீ தனியா நட. தெனமும் ஒரு மணி நேரம். மழையிலயும்தான். நடந்துட்டு வா, தர்றேன். முடியலன்னா வராத, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

இப்படித்தான் ஐம்பத்து மூன்று வயதில், நாயே இல்லாமல் நாயை நடக்க வைக்க ஆரம்பித்தேன். காலை நான்கரைக்கு எழுந்து தாமானைச் சுற்றுவேன். முதல் வாரம் முட்டி கெஞ்சியது. சர்க்கரை மாத்திரை போடுகிற உடம்பு. ஆனாலும் பிடிவாதம் பிடிவாதம்தான். தாமான் காவலாளி, "என்ன அண்ணே, வீட்ல சண்டையா?" என்று கேட்டார். பகலுக்கு என்ன செய்வது என்று நானும் மனைவியும் கைப்பேசியை வைத்துவிட்டுப் பேசினோம். பாலர் பள்ளி பதினொன்றரைக்கு முடிந்தாலும் அவள் சாயங்கால வகுப்புக்கும் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று. இனிமேல் மத்தியானமே வந்துவிடுகிறேன் என்றாள். சுவர்மேல் கம்பி வலை போட ஆளைப் பேசினாள்.

மூன்றாவது வாரம் அடை மழை. குடையைப் பிடித்துக்கொண்டு போய், முழங்கால் வரை நனைந்து திரும்பினேன். டீச்சர் விடியற்காலை சுபுத் தொழுகைக்கு எழுந்து பூனைகளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாசல் குழாயடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்ததை அன்றுதான் கவனித்தேன். உள்ளே பூந்தொட்டிக்குப் போடுகிற மண் இல்லை. மாவு மாதிரி சலித்த சிவப்பு மண்.

"இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது, டீச்சர்?" என்று கேட்டேன்.

"உன் நாய் வந்த மறுநாளிலிருந்து," என்றார். "ஒரு நாள் தேவைப்படும் என்று தெரியும்."

குடையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் மூன்று மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தோம். அவர் இரண்டாவது நாளே மண் சலித்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். "தெரிமா காசி, டீச்சர்," என்று நன்றி மட்டும் சொன்னேன். அவர் நடையைக் கேட்கவில்லை, நாய் திரும்பி வருமா என்றும் கேட்கவில்லை. "தலையைத் துவட்டு," என்றார்.

ஒரு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நடந்து முடித்துக் காரை எடுத்தேன். என் மனைவி முன்னால் உட்கார்ந்து, ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்து, சரியில்லை என்று இன்னொன்றைச் சொன்னாள். நாங்கள் யாரிடமும் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். டீச்சர் குழாயடியில் குனிந்து, டின்னில் இருந்த பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் நிரப்பிக்கொண்டிருந்தார்.