தனியாகக் கூப்பிட்டால்

சோப்பு ஆலையின் பேக்கிங் பிரிவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மெஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. அந்த ஆலையில் மேனேஜர் யாரையாவது தனியாகக் கூப்பிட்டால் சீட்டைக் கிழிக்கப்போகிறார் என்று அர்த்தம். பழைய மேனேஜர் காலத்தில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

புது மேனேஜர் வந்ததும் முதல் ஆளாகக் கூப்பிட்டது, கொதிகலனில் வேலை பார்த்த அவள் புருஷனைத்தான்.

"வெளிய போன்னு அந்தாளு சொல்லிக் கேக்கணுமா? லாக்கர் சாவிய வாட்ச்மேன்கிட்டக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போங்க," என்றாள். அவரும் அப்படியே செய்தார். பிறகு எந்த வேலைக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்தவர், மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

மேனேஜரும் அதோடு கூப்பிடுவதை விட்டிருந்தார். இப்போது மறுபடி தொடங்கி, அவளைக் கூப்பிட்டார். அவள் உள்ளே போய்த் தன் லாக்கர் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"இது எதுக்கும்மா? உக்காருங்க. ஏதாச்சும் கஷ்டம் இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நாலு பேர் முன்னால யாரு வாயத் திறப்பாங்க?"

"கொதிகலன்ல இருந்தவரையும் இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா சார்?"

"ஆமா. அந்த வெக்கையில ரொம்ப இருமிக்கிட்டிருந்தார். வேற பிரிவுக்கு மாத்தலாமான்னு கேக்க நெனச்சேன். மனுஷன் வரவே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"



"தெரியும் சார்," என்றாள் ரேடியோ.