ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிற கம்பெனி

குதிரைவாலி அரிசி விற்கும் எங்கள் சின்ன வெப்சைட் இந்த மாதம் நாலு முறை படுத்துவிட்டது. அதை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியில் ஏனென்று கேட்க ஆளில்லை.

வேறு கம்பெனி தேடி ஒரு வாரமாக விளம்பரங்களைப் படித்து, மூன்றில் எதை எடுப்பதென்று குழம்பிக் கிடந்தேன்.

இன்று காலை மனைவி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமதான, மூணு கம்பெனிக்கும் போனப் போடுங்க. யாரு எடுக்காகளோ அவுககிட்டயே போயிருவோம்."

இரண்டில் பாட்டுதான் ஓடியது. மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தார். "மொதல்ல பழைய சைட்ட பேக்கப் எடுத்து வச்சுக்கங்க சார். மத்தத அப்புறம் பேசுவோம்."

சாயங்காலத்துக்குள் சைட் அந்தக் கம்பெனிக்கு மாறிவிட்டது. எங்கள் ஊர் பரளச்சியின் மந்தமான சிக்னலிலேயே சட்டென்று திறக்கிறது.

நிம்மதியாக டீயைக் கையில் எடுத்தேன். மனைவி எங்கள் ஆர்டர் போனை நீட்டினாள். ஏழு நம்பரிலிருந்து மிஸ்டு கால்.

"நமக்கும் யாரோ போனப் போட்டுப் பாத்திருக்காக," என்றாள்.

அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால் மறுபடி கூப்பிடுங்கள். போன் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.